சோடியம் ஓடும் பாய்லரில் ஊசிமுனை ஓட்டை: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆலைக்காரன், தெலுக் இந்தான்:

வணக்கம். இங்கே ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். எங்களுக்கு டியூப் ஒழுகினால் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். உஸ்ஸென்று சத்தம் வரும், டிரம்மில் தண்ணீர் இறங்கும், ஃபீட் பம்ப் ஓயாது. ஷிப்ட் முடியும்வரை அப்படியே ஓட்டிய ஆட்களும் உண்டு.

மகள் கல்பாக்கத்து வேக ஈனுலை என்ற அணு உலையைப் பற்றி புராஜெக்ட் செய்கிறாள். உலையின் சூட்டை உருகிய சோடியம்தான் பாய்லருக்குக் கொண்டுவருமாம். அந்த பாய்லரில் குழாய்க்குள் 170 பார் அளவில் தண்ணீர், வெளியே 500 டிகிரியைத் தாண்டிய சோடியம், நடுவில் 2.3 மில்லிமீட்டர் எஃகுச் சுவர். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எப்படித் தெரியும்? அவள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய சார்ஜ்மேன்:

தம்பி, எங்கே ஒழுகினாலும் பிரஷர் இறங்கத்தானே வேண்டும்? கேஜைப் பார்த்தாலே போதுமே.

பாலிடெக்னிக் டீச்சர்:

அண்ணே, பெரிய ஓட்டைக்கு அது சரி. நொடிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் கசிந்தால் எந்த கேஜும் அசையாது. ஆனால் ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. சோடியமும் தண்ணீரும் சேர்ந்ததும் காரச்சோடாவும் ஹைட்ரஜனும் கடும் சூடும் உண்டாகும். அந்தச் சூடான காரம் ஓட்டையின் வாயையே அரித்துப் பெரிதாக்கும். அப்புறம் தீச்சுவாலை மாதிரி எதிரே இருக்கும் குழாயின் மேல் பாய்ந்து அதையும் துளைக்கும். 1987 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் ஒரு குழாயில் தொடங்கியது, சில விநாடிகளில் 40 குழாய்கள் உடைந்தன. ஷிப்டை ஓட்டி முடிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதனால் தண்ணீரைத் தேடுவதில்லை, ஹைட்ரஜனைத் தேடுகிறார்கள். பாய்லர் கலனை விட்டு வெளியே வரும் சோடியத்தில் கொஞ்சத்தைப் பிரித்து, சூடாக வைத்த மெல்லிய நிக்கல் குழாய்களின் மேல் ஓடவிடுவார்கள். நிக்கல் சுவர் வழியாக ஹைட்ரஜன் மட்டும் ஊடுருவி உள்ளே வரும். உள்ளே வெற்றிடம். எவ்வளவு வந்தது என்று அந்த வெற்றிடத்தைக் காக்கும் பம்பின் மின்னோட்டமே காட்டிவிடும். சோடியத்தில் நூறு கோடிப் பங்குக்கு 50 முதல் 100 பங்கு ஹைட்ரஜன் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் 10 பங்கு ஏறினாலே பிடிக்கிற கருவி இது.

ஆலைக்காரன்:

ஓட்டையே இல்லாதபோது அந்த 50 எங்கிருந்து வருகிறது, டீச்சர்?

பாலிடெக்னிக் டீச்சர்:

உங்கள் டியூபின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு படலம் இருக்கும் இல்லையா, மேக்னடைட்? சூடான தண்ணீர் இரும்போடு சேர்ந்து அது உண்டாகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அந்த ஹைட்ரஜன் எஃகையே ஊடுருவி சோடியத்துக்குள் போய்விடும். சோடியத்தைக் குளிரவைத்து மாசைப் பிரிக்கும் குளிர்பொறி அதை ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அளவு மட்டும் போதாது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டரை நம்பி உலையை நிறுத்தவும் மாட்டார்கள், மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

உலையைக் கிளப்பும்போதுதான் சிக்கல். சோடியம் அவ்வளவு சூடாக இல்லாததால் ஹைட்ரஜன் சரியாகக் கரையாமல் குமிழாக மேலே போய்விடும். அதற்காக மேலே இருக்கும் ஆர்கான் வாயுவில் வேறொரு கருவி உண்டு. ஹைட்ரஜன் ஆர்கானைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், அந்த வித்தியாசத்தை வைத்துப் பிடிப்பார்கள். மகளிடம் இதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுகிற இடம் இது.

பழைய சார்ஜ்மேன்:

சரிம்மா, எந்த டியூப் என்று எப்படித் தெரியும்? நாங்கள் தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் போடுவோம்.

பாலிடெக்னிக் டீச்சர்:

அங்கே சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வேலையே ஆகாது, அண்ணே. தண்ணீரையும் சோடியத்தையும் வடித்துவிட்டு ஹீலியம் செலுத்தித் தேடுவார்கள். ஓட்டைக் குழாய் கிடைத்ததும் இரண்டு முனையையும் அடைப்பார்கள். அதோடு விடாமல் சுற்றியிருக்கும் குழாய்களின் சுவர்த் தடிமனையும் சுழல் மின்னோட்டக் கருவியால் அளந்து, மெலிந்தவற்றையும் சேர்த்தே அடைப்பார்கள்.