கடலூரில் டாட்டூ, பியர்சிங் கடை: என்ன உரிமம் வேண்டும்?

மஞ்சக்குப்பத்தான்: கடை போடப் போறேன். மாநகராட்சி உரிமம் மட்டும் போதுமா, தனிச் சட்டம் ஏதும் இருக்கா?

கெடிலக்கரை: டாட்டூவுக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லைங்க. மாநகராட்சி தொழில் உரிமம் எடுங்க. அதை வச்சுக்கிட்டு அறுவை சிகிச்சைக்குக் கத்தி தூக்கிடாதீங்க. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்த கடைக்குச் சீல் வச்சு, கைதும் பண்ணாங்க.

வில்லியனூர்வாசி: உரிமத்தைவிட ஆட்டோகிளேவ்தான் (அழுத்த நீராவியில் கருவியைக் கிருமி நீக்கும் கலம்) முக்கியம். வெந்நீரில் கொதிக்க வச்சா ஸ்போர் (பாக்டீரியாவின் கெட்டியான உறங்குநிலை வடிவம்) சாகாது. 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், உறையிலிட்ட கருவிக்கு 30 நிமிடம். உறை ஈரமா வெளியே வந்தா கணக்கில் சேர்க்காதீங்க, மறுபடி போடுங்க. காது குத்தும் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்: பிளாஸ்டிக் பாகம் இந்தச் சூட்டைத் தாங்காது, குருத்தெலும்பையும் நசுக்கிடும். உள்ளீடற்ற ஊசியே சரி, ஒருவருக்கு ஒன்று.

கெடிலக்கரை: ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீங்க, அங்கேதான் கை குத்தும். துளைக்க முடியாத டப்பாவில் போட்டு, முக்கால் நிறைஞ்சதும் மூடுங்க. ரத்தம் வழியாப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கு நீங்க தடுப்பூசி போட்டுக்கோங்க, 0, 1, 6 மாதக் கணக்கில் மூணு டோஸ். டாட்டூவோ பியர்சிங்கோ குத்திக்கிட்டா 12 மாதம் ரத்ததானம் பண்ண முடியாதுன்னு வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.