கண்ணைக் காட்டிக் கடவுளை நிறுவ முடியுமா?

தேரிமணல்:

அப்பாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். "இவ்வளவு நுணுக்கமான கண் தானாக வந்துவிடுமா? படைத்தவன் இல்லாமல் எப்படி?" என்கிறார். அண்ணன் கருப்புச் சட்டைக்காரன், "அப்புறம் அதில் புரை ஏன் விழுகிறது?" என்று திருப்பிக் கேட்கிறான். மேடைப் பேச்சு வேண்டாம். கண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கண்ணின் அமைப்பு கடவுளுக்குச் சாட்சியா, இல்லையா?

ஒளிவிலகல்:

தம்பி, நான் மதுரைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். கடவுள் நம்பிக்கை இல்லாதவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் மிளகளவு ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. வரும்போது புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெறும் தாள்தான் தெரியும். மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பின்னால் இருக்கின்றன. சேதி கொண்டுபோகும் நரம்பிழைகள் அவற்றுக்கு முன்னால் ஓடுகின்றன. இழைகள் எல்லாம் சேர்ந்து மூளைக்குப் போக, விழித்திரையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அந்த வாசலில் ஒளியுணரும் செல் கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி, தாளில் புள்ளி மறைந்தது அதனால்தான். முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் இதே கதைதான். ஆக்டோபஸ் போன்றவற்றுக்கோ செல்கள் முன்னால், நரம்பு பின்னால். குருட்டுப் புள்ளியே இல்லை.

உங்கள் அப்பாவின் வாதத்தை இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி 1802லேயே எழுதிவிட்டார். கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் உண்டு என்றார், கண்ணையும் எடுத்துக்காட்டினார். 1859இல் டார்வின் அதே கண்ணை எடுத்துக்கொண்டு, சிறு சிறு படிகளாக அது உருவாகியிருக்க முடியும் என்றார். அந்தப் படிகளைப் போன்ற கண்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. தட்டைப்புழுவுக்கு நிறமி பூசிய ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். நாட்டிலஸ் என்ற கடல் உயிரிக்கு லென்ஸே இல்லாத ஊசித்துளைக் கண். ஒவ்வொன்றும் அந்தந்த உயிருக்குப் பயன்படுகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், மாலைக்கண் என்று வரும் பிள்ளைகள். சத்துக் குறைவால் வருவது வேறு. நான் சொல்வது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டே வரும். பல பிள்ளைகளின் அப்பா அம்மா சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். பக்கத்தில் நிற்கும் நாற்காலியில் இடித்துக்கொள்ளும் பையன், தூரத்துச் சுவர் அட்டையின் கடைசி வரியைத் தப்பில்லாமல் வாசிப்பான். "நாங்க என்ன பாவம் பண்ணோம்" என்று அம்மா கேட்பார். பாவம் எதுவும் இல்லை, இரண்டு பேரிடமும் மறைந்திருந்த ஒரே மரபணுப் பிழை சேர்ந்துவிட்டது என்று விளக்குவேன். கண்ணின் நேர்த்திக்குப் படைத்தவனைப் புகழ்ந்தால் இந்தப் பிழையும் அவன் கணக்கில்தான் ஏறும்.

பொருநைக்கரை:

அம்மா, நீங்கள் சொன்ன உடற்கூறு சரி. ஆனால் விழித்திரையைக் கோணல் என்று தள்ளிவிட வேண்டாம். அதிலுள்ள முல்லர் செல்கள் ஒளியைக் கண்ணாடியிழை போலப் பின்னால் கடத்துகின்றன என்று 2007இல் ஆய்வு வந்திருக்கிறது.

நான் சைவன். எங்கள் வாதம் கண்ணின் நேர்த்தியில் நிற்கவில்லை. எங்கள் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தில், "அவன் அவள் அது எனும்" என்று தொடங்கும் முதல் சூத்திரத்தைப் பாருங்கள். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. சடப்பொருள் தானாக இயங்காது. ஆகவே இயக்கும் ஒருவன் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயை என்ற மூலப்பொருளிலிருந்து இறைவன் உலகைத் தோற்றுவிக்கிறான். பரிணாமம் நடந்தால் நடக்கட்டுமே! பரிணாம ஆய்வில் பெரிய பெயரான டோப்ஜான்ஸ்கியே கிறித்தவ நம்பிக்கை உள்ளவர்தான். அந்தப் பிள்ளையின் துன்பம் எனக்கும் வலிக்கிறது. அதை வினை என்றுதான் எங்கள் நூல்கள் சொல்கின்றன.

ஒளிவிலகல்:

ஐயா, முல்லர் செல் விஷயம் உண்மை. விழித்திரை நடுவில் கூர்மையாகப் பார்க்கும் இடத்திலும் நரம்பிழைகள் ஒதுங்கித்தான் போகின்றன. இருந்தாலும் வாசல் அங்கேயே இருக்கிறது, புள்ளியும் மறைகிறது. ஏற்கெனவே இருந்த அமைப்பை வைத்துக்கொண்டு பரிணாமம் ஒட்டுப்போட்டுச் சமாளித்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

முதல் சூத்திர வாதத்தை நான் மதிக்கிறேன். அதைக் கண்ணை வைத்து உடைக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. என் தடை வேறு. குடம் தோன்றுவதைப் பார்க்கிறோம், உடையும்போதும் பார்க்கிறோம். உலகம் முழுவதும் அப்படி ஒரு நாள் தோன்றியது என்று எதைக்கொண்டு சொல்வது? யாரும் படைக்காமல் உலகம் என்றும் உள்ளது என்று சமணர்கள் இதே தமிழ் மண்ணில் வாதாடியிருக்கிறார்கள்.

வினையை மட்டும் என்னால் ஏற்க முடியாது, மன்னியுங்கள். அந்தத் தாயிடம் போன பிறவிக் கணக்கைச் சொல்லி அனுப்பினால், அடுத்த பிள்ளைக்கு முன்னால் மரபணுச் சோதனைக்கு வரமாட்டார். பரிகாரத்துக்குத்தான் போவார்.

தம்பி, அப்பாவிடம் கண்ணை விட்டுவிட்டு ஐயா எழுதியதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அண்ணனும் அதற்குப் பதில் சொல்லட்டும். அவர் கேட்ட புரை பெரும்பாலும் வயதால் லென்ஸின் புரதம் கலங்குவது. அதைக்கொண்டு கடவுள் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.