எல்டாப்பில் 68ஆம் எண் பிழை: ரீபைண்ட் போட்டுவிடலாமா?

வில்லியனூர்_ஜாவா:
புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு லாகின் திறக்கும் வேலை. ஓப்பன்எல்டாப் சர்வர் (பயனர் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரி, எல்டாப் அதனோடு பேசும் முறை), ஜாவாவில் ஜேஎன்டிஐ (டைரக்டரியை அணுகும் ஜாவா வசதி) வழியாக ஒவ்வொருவராக பைண்ட் செய்துகொண்டே, அதாவது புது என்ட்ரியாகச் சேர்த்துக்கொண்டே போகிறோம். பாதியில் 'நேம்ஆல்ரெடிபவுண்ட்எக்ஸெப்ஷன்', பிழை எண் 68, அதாவது அந்தப் பெயரில் ஏற்கெனவே என்ட்ரி இருக்கிறது என்று நின்றுவிடுகிறது. என்ட்ரியின் பெயர் சிஎன் (காமன் நேம்), அதாவது 'கார்த்திகேயன் எஸ்' மாதிரி, எல்லாம் இங்கிலீஷில். முன்கூட்டியே ஜாவாவின் ஈக்வல்ஸ் (எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது) வைத்துத் தேடினேன், இரட்டைப் பெயர் எதுவும் சிக்கவில்லை. ரீபைண்ட் போட்டால் பிழை வராது என்கிறார்கள், மாற்றிவிடலாமா? வகுப்பு தொடங்கப் போகிறது, அவசரம்.

மஞ்சக்குப்பம்_அட்மின்:
வேண்டவே வேண்டாம் தம்பி. பிழை வராதுதான், ஆனால் முதல் கார்த்திகேயனின் என்ட்ரி போய், அந்த இடத்தில் இரண்டாமவர் உட்கார்ந்துவிடுவார், பழைய பாஸ்வேர்ட், மெயில் எல்லாம் காலி. அந்தப் பையன் லாகின் ஆகவில்லை என்று வந்து நிற்கும்போது உங்கள் லாகில் ஒரு பிழைகூட இருக்காது.

ஈக்வல்ஸில் ஏன் சிக்கவில்லை என்றால், சிஎன்னை ஒப்பிடும்போது எல்டாப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, நடுவில் இரண்டு ஸ்பேஸ் இருந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒருவர் பெயரை ஆபீஸில் முழுக்க கேப்பிடலில் அடித்திருப்பார்கள், ஜாவாவுக்கு அது வேறு பெயர், சர்வருக்கு அதே பெயர்.

நம் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, ஒரு எழுத்து இனிஷியல்தான், அதனால் இந்த மோதல் வருஷா வருஷம் வரும். என்ட்ரியின் பெயராக யூஐடி (பயனர் ஐடி) வையுங்கள், அதில் ரிஜிஸ்டர் நம்பர். சிஎன் சாதாரண அட்ரிப்யூட்டாக (என்ட்ரிக்குள் ஒரு விவரமாக) இருக்கட்டும், எத்தனை பேருக்கும் ஒரே சிஎன் இருக்கலாம்.

நெய்வேலி_நெட்வொர்க்:
இதுதான் சரி. ஆனால் ஏற்கெனவே ஏறிய என்ட்ரிகளை ரீநேம் செய்தால் குரூப்பில் இருக்கும் டிஎன் (என்ட்ரியின் முழுப் பாதை) தானாக மாறாது, ரெஃப்இன்ட் ஓவர்லே (இதைச் சரிசெய்யும் ஓப்பன்எல்டாப் துணை வசதி) போட்டிருந்தால் மட்டும் மாறும். அதை முதலில் பாருங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி பக்கம் போனால், சிஎன் ஒரே ஓயூவுக்குள் (டைரக்டரியின் ஒரு உட்பிரிவுக்குள்) மோதாமல் இருந்தால் போதும், ஆனால் சாம்அக்கவுன்ட்நேம் (லாகின் பெயர்) டொமைன் முழுக்க மோதக்கூடாது, 20 எழுத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

வில்லியனூர்_ஜாவா:
மிக்க நன்றி அண்ணா. அதே பட்டியலை மறுபடி ஓட்டினால் 68 வருமே, முதலில் தேடிப் பார்த்துவிட்டு பைண்ட் செய்யட்டுமா?

மஞ்சக்குப்பம்_அட்மின்:
வரும், வரட்டும். தேடுவதற்கும் பைண்டுக்கும் நடுவில் வேறொருவர் அதே என்ட்ரியைப் போட்டுவிடலாம், அதனால் நேராக பைண்ட் செய்து எக்ஸெப்ஷனைப் பிடியுங்கள். பிடித்ததும் சர்வரில் இருக்கும் சிஎன்னைப் படித்துப் பாருங்கள். அதே ஆள் என்றால் மாறியதை மட்டும் மாடிஃபைஅட்ரிப்யூட்ஸில் திருத்துங்கள். வேறு ஆள் என்றால் யாரோ நம்பரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், தனி ஃபைலில் எழுதி ஆபீஸுக்கு அனுப்புங்கள், கோடே நம்பருக்குப் பின்னால் ஒரு 1 சேர்த்துக்கொள்கிற மாதிரி மட்டும் எழுதிவிடாதீர்கள்.