பிசி3, பிசி3எல்: பழைய லேப்டாப்புக்கு எந்த ரேம்?

மடிவாளாவாசி:
ஐ3-4005யு பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ் 10. குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறுது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்ததில் ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், ஒண்ணு காலி. உள்ளே இருக்கிற ரேம் ஸ்டிக்கில் '4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்'னு இருக்கு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பிசி3-12800எஸ், 8 ஜிபி காட்டி "ரெண்டும் ஒண்ணுதான்"ங்கிறாங்க. அந்த 'எல்' இல்லாட்டி பரவாயில்லையா?

அல்சூர்_சர்வீஸ்:
வாங்காதீங்க, அந்த 'எல்'லில்தான் விஷயமே இருக்கு. பிசி3எல் 1.35 வோல்ட்டில் ஓடும், பிசி3க்கு 1.5 வோல்ட் வேணும். உங்களுது இன்டெல் நாலாம் தலைமுறை, ஹாஸ்வெல். அதன் யு வகை பிராசஸருக்கு 1.35 வோல்ட் ரேம்தான். ரெண்டுக்கும் 204 பின், நடுக்காடியும் ஒரே இடத்தில், அதனால் தப்பான ஸ்டிக்கும் ஸ்லாட்டில் அழகா உட்காரும். ஆன் பண்ணினா திரை கறுப்பாவே நிக்கும், இல்லேன்னா பீப் அடிக்கும். தப்பித்தவறி ஓடினாலும் பாதி வேலையில் நீலத்திரை வரலாம்.

இன்னொண்ணு, சிப்பை எண்ணுங்க. உங்க 4 ஜிபியில் எட்டு சிப், ஒவ்வொண்ணும் 4 கிகாபிட் (எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட்). 8 ஜிபின்னா ரெண்டு பக்கமும் சேர்த்து பதினாறு இருக்கணும், லேபிளில் 2ஆர்எக்ஸ்8. எட்டே சிப்பில் 8 ஜிபின்னா அது 8 கிகாபிட் சிப். ஹாஸ்வெல்லுக்கு அது ஆகாது. ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபியும் அதனால்தான் வேண்டாம்.

மடிவாளாவாசி:
நன்றிங்க. 4-உம் 8-உம் கலந்து போட்டா வேகம் குறையுமா?

மல்லேஸ்வரம்_அக்கா:
தாராளமா போடுங்க. 4+4 டூயல் சேனலில், அதாவது ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யற மாதிரி ஓடும், மிச்ச 4 மட்டும் சிங்கிள் சேனல். இப்போ ஒத்தை ஸ்டிக்கில் ஓடறதை விட நல்லாவே இருக்கும்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க, அப்போதான் முழுசா அணையும். சார்ஜர், பேட்டரி ரெண்டையும் எடுத்துட்டு பவர் பட்டனை 15 விநாடி அழுத்துங்க. ஸ்டிக்கைச் சாய்வா, தங்கப் பட்டை உள்ளே மறையற வரைக்கும் தள்ளி, அப்புறம் கீழே அழுத்தினா ரெண்டு பக்க கொக்கியும் 'டிக்'னு பிடிக்கும். பட்டை ஒரு பக்கம் அதிகமாத் தெரிஞ்சா சரியா ஏறலைன்னு அர்த்தம். புது ரேம் போட்டு ஆன் ஆகலைன்னு வர்ற லேப்டாப்பில் பாதிக்கு இதுதான் கோளாறு.

அல்சூர்_சர்வீஸ்:
லேப்டாப்பையே கடைக்குக் கொண்டு போங்க, சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினா நடை தூரம்தான். அங்கேயே மாட்டச் சொல்லி, சிபியூ-இசட்ங்கிற மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறங்க, ரேம் தன்னைப் பத்தி உள்ளே பதிஞ்சு வச்சிருக்கிற விவரம் அங்கே தெரியும். வோல்டேஜ் வரிசையில் 1.35 இருக்கணும். ஸ்டிக்கரை மாத்தி ஒட்டலாம், சிப்புக்குள் இருக்கிறது அப்படி மாறாது. வீட்டில் ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்க. ஒரு எர்ரர் வந்தாலும் மறுநாளே திருப்பிக் கொடுத்துடுங்க. அதுக்கு ஏழு நாள் மாற்றிக் கொடுப்போம்னு பில்லில் எழுதி வாங்கிக்குங்க.