பிசிஎம்2704 டிஏசி: முதல் தடவை செருகியபோது நடந்தது

ஈயப்புகை:
பெட்டி, ஜாக் கதையெல்லாம் விட்டுடறேன். பிசிஎம்2704 (யுஎஸ்பியில் வர்ற டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான சிக்னலா மாத்துற டிஏசி சிப்), அதோட 28 கால் எஸ்எஸ்ஓபி உறைக்கான அடாப்டர் போர்டு, சிப்பை ஓட்டும் கடிகாரத் துடிப்புக்கு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், டேட்டாஷீட்டில் இருக்கும் பஸ்-பவர் (யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும்) சர்க்யூட் அப்படியே. செருகினதும் விண்டோஸ் ஒரு சத்தம் கொடுத்துச்சு, அடுத்த நொடியே ‘சாதனம் அடையாளம் தெரியவில்லை’. லினக்ஸில் டிமெசேஜ் (கெர்னல் பதிவு) பார்த்தா ‘லோ-ஸ்பீடு’ன்னு ஒரு வரி, அதுக்குக் கீழே வரிசையா பிழை -71 (தகவல் பரிமாற்றப் பிழை).

அந்த ‘லோ-ஸ்பீடு’ங்கிற சொல்லிலேயே விடை இருக்கு. இந்த சிப் ஃபுல்-ஸ்பீடு, 12 மெகாபிட். யுஎஸ்பியின் டேட்டா ஒயர் ரெண்டு: டி-பிளஸ், டி-மைனஸ். 1.5 கிலோஓம் புல்-அப் (ஒயரை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) டி-பிளஸில் தெரிஞ்சா கம்ப்யூட்டர் ஃபுல்-ஸ்பீடுன்னு எடுத்துக்கும்; டி-மைனஸில் தெரிஞ்சா லோ-ஸ்பீடு. ஆக ரெண்டு டேட்டா ஒயரும் இடம் மாறிக் கிடக்கு. பழைய கேபிளை வெட்டி, பச்சை டி-பிளஸ், வெள்ளை டி-மைனஸ்னு நிறத்தை நம்பி வெச்ச சால்டர். அந்தக் கேபிளில் நிறம் தலைகீழ். ஏ-டைப் பிளக்கில் 1 ஐந்து வோல்ட், 2 டி-மைனஸ், 3 டி-பிளஸ், 4 கிரவுண்ட். மல்டிமீட்டர் பஸ்ஸரை வெச்சு ஒவ்வொரு பின்னா பார்த்த பிறகுதான் ஒயரைத் தொடணும்.

கிரிஸ்டல்12:
நண்பரே, எல்லா ‘அடையாளம் தெரியவில்லை’யும் ஒயர் மாறினதால இல்ல. ‘ஃபுல்-ஸ்பீடு’ன்னு சரியா வந்துட்டு அப்புறம் -110 (பதில் வராம நேரம் முடிஞ்சது) விழுந்தா கிரிஸ்டலைப் பாருங்க. புல்-அப் வெறும் ரெசிஸ்டர்தானே, சிப் தூங்கினாலும் அது கம்ப்யூட்டருக்குத் தெரியும். பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. பிரெட்போர்டில் கிரிஸ்டலை நாலு வரிசை தள்ளிக் குத்தியிருந்த ஒரு போர்டு இப்படித்தான் நின்னது. சிப்பின் கால்களிலேயே கிரிஸ்டலைச் சேர்த்து, குறுக்கே 1 மெகாஓம், ரெண்டு பக்கமும் 22 பிகோஃபாரட் வெச்சதும் எழுந்தது.

நாலாம்கால்:
இன்னும் உறுத்துற ஒண்ணு. செருகி மூணு நொடி, சூட்டில் சிப் மேல விரல் வைக்க முடியல. விடிடி, விசிசிஎல், விசிசிஆர், விசிசிபி நாலு காலும் பிரெட்போர்டின் சிவப்புப் பட்டையில், அதே பட்டையில் யுஎஸ்பியின் 5 வோல்ட். பெயரில் ‘விசிசி’ன்னு இருந்தா சப்ளை கொடுக்கணும்னு கை தானா போகுது. பஸ்-பவரில் 5 வோல்ட் போகவேண்டிய கால் விபஸ் ஒண்ணுதான். மத்த நாலிலும் சிப்பே உள்ளே 3.3 வோல்ட் உண்டாக்கி வெளியே காட்டுது, அங்கே 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மட்டும். 5 வோல்ட் போனா சிப் போச்சு, திரும்பாது.

0.65 மில்லிமீட்டர் இடைவெளியில் ஈயம் ரெண்டு காலுக்கும் பாலம் போட்டாலும் இதே கதிதான். ஃபிளக்ஸ் நிறையப் பூசி, 330 டிகிரியில் இழுத்துட்டுப் போய், மிச்சத்தைச் செம்புப் பின்னலால் உறிஞ்சணும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவின பிறகு விபஸுக்கும் அந்த நாலு காலுக்கும் பஸ்ஸர் கத்தக்கூடாது. அப்புறம் கம்ப்யூட்டரில் செருகாம பெஞ்ச் சப்ளையில் 5 வோல்ட், கரண்ட் எல்லை 100 மில்லிஆம்ப். டி-பிளஸில் 3.3 வோல்ட் வரணும், டி-மைனஸில் வரக்கூடாது. ஈயப்புகை சொன்ன கோளாறையும் இங்கேயே பிடிச்சிடலாம்.

பெரியடப்பா:
விபஸில் 1000 மைக்ரோஃபாரட் போட்டா சுத்தமா இருக்கும்னு ஒரு போர்டில் போட்டாங்க. செருகின கணத்தில் பக்கத்தில் ஓடிட்டிருந்த பென் டிரைவும் சேர்ந்து அணைஞ்சது. காலி கெபாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் மாதிரி. ஹப்பின் 5 வோல்ட் உட்கார்ந்துடும். யுஎஸ்பி 2.0 விதியில் சாதனப் பக்கம் அதிகபட்சம் 10 மைக்ரோஃபாரட்.

யாரும் கேக்கல, ஆனா சிப்புக்கும் ஜாக்குக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் கெபாசிட்டரையும் சொல்லியே ஆகணும். ‘எல்லாத்துக்கும் 100 போதும்’னு சொல்றவங்க கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோஃபாரட்னா 50 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துடும், மிருதங்கத்தின் தொப்பி மெலிஞ்சு கேக்கும். 220 போட்டா 23 ஹெர்ட்ஸ், 470 போட்டா 11. அதுவே 10 கிலோஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயர்னா வெறும் 2.2 மைக்ரோஃபாரட் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அங்கே 470 போடறது ‘தடால்’னு சத்தம் வாங்கத்தான். பிளஸ் கால் சிப் பக்கம், ஏன்னா அவுட்புட் சும்மா இருக்கும்போதே 1.65 வோல்ட்டில் நிக்குது. கெபாசிட்டருக்கு வெளியே கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் கட்டாயம், இல்லன்னா ஒவ்வொரு தடவை ஜாக் செருகும்போதும் அடி விழும்.

ஈயப்புகை:
பெரியடப்பா சார், 470 போட்டா விபஸ் விதி மீறாதா?

பெரியடப்பா:
மீறாது. அது சிக்னல் வழியில், சிப்புக்கு அந்தப் பக்கம். விதி 5 வோல்ட் ஒயரில் நேரா தொங்குறதுக்குத்தான்.

பூமிக்கம்பி:
பாட்டு நின்ன இடைவெளியில் மெல்லிசா ஒரு ‘ஈ’ சத்தம். அதை ஒரு தடவை கவனிச்சுட்டா அப்புறம் காது அதையேதான் தேடும். ஸ்பெக்ட்ரம் பார்த்தா சரியா 1000 ஹெர்ட்ஸ். ஃபுல்-ஸ்பீடு யுஎஸ்பியில் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம், அந்தத் துடிப்பு கிரவுண்ட் வழியா ஆடியோவுக்குள்ளே வருது. ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் ஒயரை யுஎஸ்பி சாக்கெட் பக்கத்திலிருந்து எடுத்து, சிப்பின் ஏஜிஎன்டி (அனலாக் கிரவுண்ட்) கால்களிலேயே சேர்த்ததும் அடங்கிப்போச்சு.

50 ஹெர்ட்ஸ் ‘உம்’னா அது வேற. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் நின்னா, ஆம்ப்ளிஃபயரோட கிரவுண்ட் லூப் (ரெண்டு கருவியின் கிரவுண்டும் ரெண்டு வழியில் சேர்ந்து வளையமாகறது). ஏடியூஎம்4160 ஐசோலேட்டர் (யுஎஸ்பி சிக்னலை மட்டும் விட்டு கிரவுண்டைப் பிரிக்கும் சிப்) போட்டா தீரும். இந்த சிப் ஃபுல்-ஸ்பீடுங்கிறதால ஒத்துப்போகும். 480 மெகாபிட் (ஹை-ஸ்பீடு) யுஎஸ்பி சிப்புகளுக்கு ஆகாது. போர்டில் ஸ்பீடு ஜம்பர் இருக்கும், அதை ‘லோ’வில் விட்டா டிஏசி கண்ணிலேயே படாது. மேலே ஈயப்புகை பார்த்த அதே முகம், ஒயர் சரியா இருந்தும்.

கிரிஸ்டல்12:
அந்த ஐசோலேட்டர் போர்டின் மறுபக்க 5 வோல்ட்டை லோடோட அளந்தீங்களா?

பூமிக்கம்பி:
மறுபக்கத்துக்கு 5 வோல்ட் கொடுக்கறது 1 வாட் டிசி-டிசி கன்வெர்ட்டர், 200 மில்லிஆம்ப். இந்த சிப்புக்கு அதில் கால்வாசியே தாராளம். ஆனா அதோட சுவிட்சிங் இரைச்சல் தனி. கன்வெர்ட்டருக்கும் விபஸுக்கும் நடுவே இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபெரைட் பீட், அதுக்கப்புறம் 10 மைக்ரோஃபாரட்.