டோபமின் கோட்பாடு போதுமா, கீட்டமின் ஏன் உள்ளே வருகிறது?

கேள்வி: மூளையில் செய்தி கடத்தும் டோபமின் அதிகமாவதே மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) காரணம் என்பது டோபமின் கோட்பாடு. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தை அதிகமாக எடுத்தால் மனச்சிதைவு போலவே சந்தேகமும் குரல்களும் வருகின்றன, டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பியை மருந்தால் அடைத்தால் அடங்குகின்றன. அப்படியிருக்க குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில் 1: நீங்கள் சொல்வது பாதிப் படம்தான். ஆம்ஃபெட்டமின் டோபமினைக் கொட்டவைக்கிறது; அதில் வருவது பெரும்பாலும் பிரமையும் சந்தேகமும். பேச்சு வற்றுவது, ஆர்வம் போவது, நினைவு தடுமாறுவது எல்லாம் அதில் சரியாக வராது. குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் பிசிபி (போதைப்பொருள்), கீட்டமின் (மயக்க மருந்து) இரண்டிலும் இவையும் சேர்ந்தே தெரியும். 1994-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு கிலோவுக்கு 0.5 மி.கி. கீட்டமினை 40 நிமிடத்தில் நரம்பு வழியே செலுத்தியபோதே இது தெரிந்தது. அடைப்பு முதலில் மற்ற நியூரான்களை அடக்கிவைக்கும் தடுப்பு நியூரான்களைத் தாக்குவதால், கடிவாளம் அறுந்து மூளைப் புறணியில் குளூட்டமேட் கூடுகிறது என்பது பரவலான விளக்கம்.

பதில் 2: ஆனால் கீட்டமினில் குரல் கேட்பது அரிது. ஒரே தடவை கொடுத்துப் பார்ப்பதை வருடக்கணக்கான நோயோடு ஒப்பிடுவதும் சிக்கல்தான். செரோடோனினின் 5-எச்டி2ஏ ஏற்பியைத் தூண்டும் எல்எஸ்டி நோயிலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது, காட்சிகளே அதிகம்.

பதில் 3: மருந்துப் பக்கமும் பாருங்கள். டி2 ஏற்பிகளில் சுமார் 65% அடைபட்டால் பலருக்குப் பலன். 80% தாண்டினால் நடுக்கம், விறைப்பு. குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து அதைவிடக் குறைவாக அடைத்தும் வேலை செய்கிறது. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரோஸ்பியம் என்ற கூட்டு மருந்து டி2-வை அடைப்பதில்லை, அதிலுள்ள சனோமெலின் மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகளைத்தான் (அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கானவை) தூண்டுகிறது. ஆனாலும் அதன் விளைவு கடைசியில் டோபமின் வெளியீட்டையும் குறைப்பதாகவே கருதுகிறார்கள். டோபமினைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம்.