'ஊசியிலை மரம்' என்றால் நிரம்பலியை எங்கே வைப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பைன் போல, கூம்பில் விதை தாங்கும் மரவகையான 'கானிஃபர்' என்பதற்குத் தமிழில் 'ஊசியிலை மரம்' போதும், பள்ளிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை.

தென்னிந்தியக் காடுகளில் தானாக வளரும் கானிஃபர் ஒன்றே ஒன்றுதான்: நகேயா வாலிச்சியானா. பழைய காட்டியல் நூல்கள் தரும் பெயர் நிரம்பலி. அகத்தியமலை, பெரியாறு மழைக்காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பசுமைமாறா மரம். இதன் இலை ஊசி அல்ல. நல்ல அகலமான இலை. நடுநரம்பு கிடையாது, அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் இணையாக ஓடும். வடகிழக்கு இந்தியாவிலிருந்து நியூ கினி வரை பரவியிருப்பதால் உலக அளவில் இதற்கு உடனடி ஆபத்தில்லை. நம் மலைகளில் நிலைமை வேறு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஏற்கெனவே சிதறி நிற்கும் இடத்தில் ஒன்றிரண்டு போனாலும் விதை பிடிப்பது நின்றுவிடக்கூடும். ஊசியிலையைத் தேடிப் போகும் மாணவர் இந்த மரத்தின் அடியிலேயே நின்றாலும் அடையாளம் காணமாட்டார். பூக்கும் தாவரமான சவுக்கைக் கானிஃபர் என்று குறித்துக்கொண்டு வருவார்.

ஆகவே கானிஃபருக்கு, கூம்பை ஏந்துவது என்ற பொருளில், 'கூம்பேந்தி' என்பது என் பரிந்துரை. சவுக்கிலும் கூம்பு போல ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது காய்களின் திரள், கூம்பு அல்ல. நிரம்பலியிலோ கூம்பு குறுகி, சதைப்பற்றான காம்பின் மேல் ஒற்றை விதையாக நிற்கிறது. கண்ணுக்குக் கூம்பாகத் தெரியாவிட்டாலும் அமைப்பால் அது கூம்பின் வழிவந்ததே.

அடுத்து, இதன் குடும்பமான 'போடோகார்ப்'. கிரேக்கத்தில் கால், கனி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. 'தாட்கனி' என்று ஒருவர் முன்வைத்தது அழகான சொல். தாள் என்பது காலையும் குறிக்கும், நெல்தாள் என்னும்போது தண்டையும் குறிக்கும். கிரேக்கச் சொல்லுக்கே இவ்வளவு பொருத்தம் அமையவில்லை. ஆனால் 'கனி' இடறுகிறது. கனியாக மாறும் சூலகமே இல்லாத தாவரத்தில் கனி ஏது? இப்படி விதை மூடப்படாமல் இருக்கும் தாவரங்களை இலங்கைப் பாடநூல்கள் 'வித்துமூடியிலி' என்கின்றன. அந்த வித்தை எடுத்துக்கொண்டு 'தாள்வித்தி' என்று சொல்லலாம்.

கூம்பேந்தி, தாள்வித்தி இரண்டையும் திருத்த விரும்புவோர் திருத்துங்கள். நிரம்பலி என்ற பெயரில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது நாம் ஆக்கிய சொல் அல்ல.